குறைவாக எரித்த தெரு

நல்லூர்த்துறையில் அந்தப் பெட்டியைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பழைய ஐஸ் ஃபேக்டரிக்குள், வரிசையாக அடுக்கிய பேட்டரிகளுக்கு நடுவே, ஒரு இரும்புச் சட்டத்தில் அதைத் திருகி வைத்திருந்தார்கள். பட்டுச்சேலை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். தட்டையாக, சாம்பல் நிறத்தில். முகப்பில் இரண்டு வரி எழுத்து ஓடுகிற சின்னக் கண்ணாடி, அதற்குக் கீழே நாலு பொத்தான். ஊரில் எந்தத் தெரு விடியும்வரை காற்றோடு தூங்கும், எந்தத் தெரு தூங்காது என்பதைத் தினமும் பொழுது சாய்ந்த பிறகு அதுதான் முடிவு செய்தது.

பெரிய லைனில் கரண்ட் வந்த காலம் போய்விட்டது. அடுத்தடுத்து அடித்த இரண்டு புயலில் சாய்ந்த டவர்களை நிமிர்த்த யாரும் வரவில்லை. ஊர்க்காரர்களே உப்பளத்தில் பாதியை மூடி சோலார் தகடு பரப்பினார்கள். ஏதோ ஒரு கம்பெனி வந்து பேட்டரியும் பெட்டியும் வைத்துவிட்டுப் போனது. பிறகு அந்தக் கம்பெனி இருந்த இடம் தெரியவில்லை. பெட்டி மட்டும் தங்கிவிட்டது.

வெயில் சுத்தமாக அடித்த நாளில் ஆறு தெருவுக்கும் விடியும்வரை கரண்ட் நிற்கும். மண்காற்று வீசினாலோ மூட்டம் போட்டாலோ நிற்காது. அப்போது பெட்டி ஒரு லைனைக் கழற்றிவிடும். ஒருமுறை கழன்ற லைன் விடியாமல் திரும்ப வராது. சித்திரை வைகாசிப் புழுக்கம் இப்போதெல்லாம் முன்னைப்போல் இல்லை. வேர்வை காய்வதே இல்லை. ஃபேனோ ஏசியோ இல்லாமல் ஒரு ராத்திரி கிடந்தால் வயசானவர்களும் கைக்குழந்தைகளும் காலையில் கண் திறப்பது நிச்சயமில்லை.

போன வருஷம் வைகாசியில், எல்லோரும் தூங்கிய பிறகு கழன்றது ஆறாம் லைன். அளத்துத் தெரு. உப்பளத்து வேலைக்காரர்கள் குடியிருக்கும் தெரு. சமுதாயக் கூடத்தில் படுத்திருந்தவர்களில் பதினோரு பேர் எழுந்திருக்கவில்லை. குணசுந்தரியின் மகள் நிறைமதி அதில் ஒருத்தி. சின்ன வயதிலிருந்தே இழுப்பு உள்ள பெண். பிளஸ் டூ எழுதியிருந்தாள்.

அளத்துக்காரன் தெருவைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்று கம்பெனிக்காரனிடம் எவனோ சொல்லி எழுதவைத்திருக்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். குணசுந்தரியும் அப்படியே நம்பினாள். அந்த எவனோ ஒருவனை வெறுத்துக்கொண்டுதான் அவள் இந்த ஒரு வருஷத்தைக் கடத்தினாள்.

இந்த வருஷம் சித்திரை பிறந்ததும் பெட்டியின் கண்ணாடியில் வேறு எழுத்து ஓட ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் நினைவுக் கார்டு கெட்டுக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அது நின்றுபோனால் ஆறு லைனும் இணைந்தபடியே கிடக்கும். பாதி ராத்திரிக்குள் பேட்டரி மொத்தமும் தீர்ந்து ஊரே இருண்டுவிடும். பாலிடெக்னிக் இருந்த காலத்தில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் மின்கமிட்டி குணசுந்தரியைக் கூப்பிட்டது. பெட்டியின் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே இருக்கும் செத்த சிஸ்டத்தை எடுத்துவிட்டு இந்தக் காலத்து லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் போதும் என்றாள். பகலில்தான் செய்ய வேண்டும், பகலில் வெயில் நேரடியாக ஊருக்குப் போதும், பெட்டி இல்லாவிட்டாலும் ஓடும் என்றும் சொன்னாள்.

"அப்போ பொழுது அடையதுக்குள்ள முடிஞ்சிரணும்" என்றார் கமிட்டித் தலைவர் சிவனணைஞ்சான். முதல் தெருக்காரர், லாரி செட்டு வைத்திருந்தவர். "முடியலைன்னா ஊரு உன்னைத்தான் கேக்கும்."

"ஊரு என்னைக் கேட்டா பரவாயில்ல தலைவரே. நான் இத்தன நாளா யாரக் கேக்கதுன்னு தெரியாம இருக்கேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

துணைக்கு காதர் இருந்தார். நாலாம் தெருவில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். அந்தக் கரையில் முஸ்லிம் வீட்டு அண்ணன்மாரைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். குணசுந்தரிக்கும் அவர் காதர் காக்காதான்.

"தங்கச்சி, இந்த வயரப் பாத்தியா? நம்பர் ஒட்டுனதெல்லாம் உப்புக் காத்துல அரிச்சுப்போச்சு. எது எந்தத் தெருன்னு அந்தக் கம்பெனிக்காரனுக்கே இனி தெரியாது."

"அதத் தெரிஞ்சுக்காம பழைய சிஸ்டத்த அழிக்க முடியாது காக்கா. புதுசுக்கு நாமதான் சொல்லணும், இதுதான் ஒண்ணு, இதுதான் ரெண்டுன்னு."

"அதுக்கு என்ன செய்ய?"

"நீங்க பேட்டரியக் கழட்டி விடுங்க. தகட்டுலயும் முக்காவாசிய நிறுத்துங்க. கரண்ட் பத்தலைன்னு பெட்டி நினைக்கட்டும். அது எந்தக் கம்பிய விடுதுன்னு பாப்போம்."

காதர் போய் சுவிட்சுகளை இறக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சட்டத்தின் அடியிலிருந்து டக் என்று ஒரு சத்தம். லைனைக் கழற்றிவிடும் ரிலே விழும் சத்தம். குணசுந்தரி வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"பாக்கியம்கா, கரண்ட் இருக்கா?"

பாக்கியமேரி அளத்துத் தெருவின் பொறுப்பு. வாக்கியைத் திட்டுவதற்கு என்றே வைத்திருப்பவள்.

"போச்சு டீச்சர். பட்டப்பகல்லயே புடுங்கிட்டானா கட்டையில போறவன்?"

"சோதனைதான்கா. இப்ப வந்திரும்."

காதர் அவளைப் பார்த்தார். "ஆறுதான்."

"ஆறுதான். எனக்குத் தெரியாதா?"

பேட்டரியை மறுபடி சேர்த்தார்கள், பகல் என்பதால் ஆறாம் லைன் உடனே திரும்ப வந்தது. ஆறாம் தெருவின் வயர் எது என்று உறுதி செய்துகொள்ள இன்னொரு வேலை பாக்கி இருந்தது. காதரிடம் வயரைக் கவ்விப் பிடித்து அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் மீட்டர் இருந்தது. தெருவில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னால் எந்த வயரில் முள் ஏறுகிறதோ அதுதான் அவர்கள் வயர்.

"அக்கா, வீட்டுல இருக்கது அம்புட்டையும் போடுங்க. ஃபேனு, மிக்ஸி, கிரைண்டரு, கூடத்து ஏசி, எல்லாம்."

"எதுக்கு டீச்சர் வீணா?"

"சொல்லுதேன்லா, போடுங்க."

முள் ஏறியது. காதர் அந்த வயரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். மற்ற தெருக்களுக்கும் இதையே செய்ய வேண்டியிருந்ததால், அடுத்த லைனைப் பார்ப்பதற்காக அவர் மறுபடியும் பேட்டரியைக் கழற்றினார். ஆறாம் தெருவில் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல குணசுந்தரி மறந்துவிட்டாள்.

டக்.

சிவப்புத் துணி கட்டிய வயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. விழுந்த ரிலே வேறு.

"இது மூணுல்லா" என்றார் காதர். வாக்கியில் மூன்றாம் தெருவிலிருந்து யாரோ கத்தினார்கள்.

குணசுந்தரி நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு பாக்கியத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். காதர் மீண்டும் பேட்டரியைச் சேர்த்துக் கழற்றினார். ஆறு விழுந்தது. மறுபடி போடச் சொன்னாள். மூன்று விழுந்தது. மூன்றாம் தெருக்காரர்களிடம் எல்லாவற்றையும் போடச் சொன்னாள். அப்போது நாலு விழுந்தது.

"காக்கா, இது எந்தத் தெருவையும் பேரச் சொல்லி வெட்டல."

"பின்ன?"

"எந்த லைன்ல கம்மியா ஓடுதோ அத வெட்டுது."

காதர் மீட்டரைக் கீழே வைத்தார். "கம்மியா எரிக்கிறவன என்னத்துக்கு வெட்டணும்? வெட்டுனா மிச்சமும் கம்மியாத்தான இருக்கும்?"

"அதுக்கு அந்தக் கணக்கு இல்ல. கம்மியா எரிஞ்சா வீட்டுல ஆளு இல்லைன்னு நினைக்குது. ஆளில்லாத தெருவ அணைச்சா யாருக்கும் கஷ்டமில்லைலா? ஒண்ண வெட்டியும் பத்தலைன்னா அடுத்து எது கம்மியோ அதையும் வெட்டும். இதச் செஞ்சவன் நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருக்கான்."

அவள் பேட்டரி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். காதருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போன வருஷம் அளத்துத் தெருவில் நடந்தது ஊருக்கே தெரியும். நிறைமதிதான் வீடு வீடாகப் போனாள். ஆளுக்கொரு ஃபேன் எதற்கு, கூடத்தில் எல்லோரும் சேர்ந்து படுத்தால் ஒரே ஒரு ஏசி போதும், மிச்சமாகிற கரண்ட் ஊருக்கு ஆகும், அந்த மிச்சத்தில் எந்தத் தெருவையும் வெட்ட வேண்டி வராது என்று சொன்னாள். பாக்கியம் முதலில் ஏசினாள், பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு அவளே முதல் ஆளாக வந்து படுத்தாள். தெரு மொத்தமும் வீடுகளைப் பூட்டிவிட்டு, எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, கூடத்துக்கு வந்தது. பெட்டிக்கு அது காலியான தெருவாகத் தெரிந்தது. தகரக் கூரைக்குக் கீழே, ஏசி போட ஜன்னல்களை எல்லாம் அடைத்த கூடத்தில், அவ்வளவு பேரும் இருந்தார்கள்.

"தங்கச்சி."

"ம்."

"புள்ள நல்லதுதான் செஞ்சா."

"அதான காக்கா. அதான சொல்லுதேன்."

காதர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வெளிய சொல்லுவமா?"

"சொன்னா என்ன ஆகும்? ஒவ்வொரு தெருவும் எல்லாத்தையும் போட்டு வைக்கும், நம்ம லைன் விழக்கூடாதுன்னு. மிக்ஸி சும்மா ஓடும். எட்டு மணிக்கெல்லாம் பேட்டரி காலி."

"அப்போ இத அழிச்சிரு" என்றார் காதர். "இத முதல்ல அழி."

அழிப்பது சுலபமாக இல்லை. அந்தப் பெட்டியில் திரை மாட்ட இடமே கிடையாது. பின்பக்கம் ஒரு ஓட்டை. அதில் வெளிர்நீல கேபிளை மாட்டி லேப்டாப்பில் செருகினால்தான் அது பேசும். முதலில் வந்தது வெறும் குப்பை எழுத்து. அது ஒரு வேகத்தில் பேசுகிறது, நாம் வேறு வேகத்தில் கேட்கிறோம் என்று குணசுந்தரி சொன்னாள். வேகத்தைச் சரி செய்ததும் எழுத்து வந்தது. பென்டிரைவிலிருந்து கிளம்பு என்றால் கடவுச்சொல் கேட்டது. மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியைப் பிடுங்கி, காதர் வாங்கி வந்த டீயைக் குடித்து முடிக்கும்வரை வெளியே வைத்திருந்து திரும்பப் போட்டாள். கடவுச்சொல்லை அது மறந்திருந்தது.

புது லினக்ஸ் கிளம்பியதும் ஊமையாகிவிட்டது. இந்தக் காலத்து சிஸ்டம் எழுந்ததும் திரையைத் தேடும், இங்கே திரை இல்லை, கேபிள் வழியாகப் பேசு என்று முதலிலேயே அதற்கு ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். பேசியது. ஏற ஆரம்பித்தது. பாதியில் பெட்டி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. திரும்பவும் முதலிலிருந்து. திரும்பவும் அதே இடத்தில் அணைந்தது.

"என்ன வந்துச்சு இதுக்கு? வலிப்பா?"

குணசுந்தரி நெற்றியைத் துடைத்தாள். மூன்றாவது தடவை அணைந்தபோதுதான் பிடிபட்டது. "உள்ள ஒரு சிப்பு இருக்கு காக்கா. பெட்டி மயங்கி விழுந்திருச்சான்னு பாத்துக்கிட்டே இருக்கும். சிஸ்டம் அப்பப்ப அதுகிட்ட 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு சொல்லணும். பழைய சிஸ்டத்துக்கு அது தெரியும், சொல்லிக்கிட்டே இருந்துச்சு. புதுசுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு வேலை செய்யுது. சத்தத்தக் காணோமேன்னு செத்துட்டதா நினைச்சு அணைச்சுப் போட்டு எழுப்புது."

"இதுவும் அப்படியா? சும்மா இருந்தா செத்துட்டான்னு அர்த்தமா?" காதர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் கம்பெனியில இருந்தவனுவ எல்லாம் கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே பொறந்து வளந்தவனுவளா இருப்பானுவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு வருஷத்தில் சிரித்த ஞாபகம் இல்லை. சிரித்த கையோடு அந்தச் சிப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்படி ஒரு சின்ன வேலையை முதலில் ஓடவிட்டு, பிறகு ஏற்றினாள். இந்தமுறை நிற்காமல் ஏறியது. பழைய கார்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக் கார்டிலிருந்து பெட்டியை எழுப்பியபோது வெயில் மேற்குச் சுவருக்கு வந்திருந்தது. ரிலேகளைத் தட்டவும் எழுப்பவும் வாரக் கணக்கில் உட்கார்ந்து அவள் எழுதிவைத்திருந்த புரோகிராம் வேலை செய்தது. ஒன்று, டக். இரண்டு, டக். எல்லாம் சொன்ன சொல் கேட்டன.

ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. பத்தாதபோது எந்த லைனை விடுவது? அந்த இடத்தை அவள் வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தாள். அதைக் கமிட்டி சொல்லட்டும் என்று.

சிவனணைஞ்சான் தெருவுக்கு ஒருவராகக் கூட்டி வந்திருந்தார். மண்காற்று மத்தியானத்திலிருந்தே வீசிக்கொண்டிருந்தது. தகடுகள் பழுப்பாகிக் கிடந்தன. இன்றைக்கு ஒரு லைன் விழுந்தே ஆக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"முறை வைப்போம்" என்றாள் குணசுந்தரி. "இன்னைக்கு ஒரு தெரு, அடுத்தாப்ல பத்தாத அன்னைக்கு அடுத்த தெரு. குளத்துத் தண்ணிக்கு வச்சிருந்தோம்லா, அப்படி. முறை வாறவங்க முன்னக்கூட்டியே முடியாதவங்கள வேற தெருவுல படுக்க வைக்கலாம்."

இரண்டாம் தெருவிலிருந்து வந்தவர் சொன்னார்: "முறைன்னா எங்க தெருவுக்கும் வரும்லாம்மா."

"வரும்."

"எங்கம்மா ஆக்சிஜன்ல இருக்கா."

"அளத்துத் தெருவுலயும் அம்மாமார் இருக்காங்க."

"அது சரிம்மா, அவங்களுக்குப் பழகிப்போச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாக்கியமேரி திரும்பினாள்.

"என்னலே பழகிப்போச்சு? சாவு பழகுமா? வா, ஒரு நாளு வந்து பழகிப் பாரு."

சிவனணைஞ்சான் கையை உயர்த்தினார். "சண்ட வேண்டாம். இதுக்குத்தான் சொல்லுதேன், ஆளு முடிவு பண்ணா சண்டதான் வரும். மெசினு முடிவு பண்ணா எவனும் வாயத் தொறக்க மாட்டான். இத்தன வருசம் அப்படித்தான ஓடுச்சு? மெசினே பாத்துக்கிடட்டும்."

"மெசினுக்குக் கண்ணு இல்ல தலைவரே. எதப் பாக்கணும்னு நாமதான் சொல்லணும்."

"நீயே சொல்லேன்."

அவள் யோசித்து வைத்திருந்தாள். காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். "எம்புட்டு எரியுதுன்னு பாக்க வேண்டாம். எத்தன பேரு தூங்கப் போறாங்கன்னு பாக்கட்டும். எந்தத் தெருவுல ஆளு கம்மியோ, அந்தத் தெரு."

இதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் தன் தெருவில் ஆள் அதிகம் என்றே நினைப்பு. குணசுந்தரியின் கணக்கு வேறு. முதல் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் வெளிநாட்டில். இருக்கிற நாலைந்து வீட்டில்தான் ரூமுக்கு ஒரு ஏசி ஓடுகிறது. ஆளை எண்ணினால் முதல் தெருதான் முதலில் விழும். பெரிய வீடு, மாடி, கடற்காற்று, கூட்டிக்கொண்டு போக வண்டி எல்லாம் அவர்களுக்கு உண்டு. யாரும் சாக மாட்டார்கள்.

"ஆள எண்ணுத மெசினு எங்க இருக்கு?" என்று காதர் கேட்டார்.

"மெசின் வேண்டாம் காக்கா. தெருவுக்கு ஒருத்தர் போய் எண்ணிட்டு வரட்டும். நான் போடுதேன்."

போனார்கள். வெயில் சுவரை விட்டு இறங்கியபோது திரும்பி வந்தார்கள்.

இரண்டாம் தெரு, எண்பத்தெட்டு. மூன்றாம் தெரு, நூற்றிப் பத்து. ஐந்தாம் தெரு, எழுபத்து நாலு. எண்ணிவிட்டு வந்தவர்கள் எண்ணைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். சிவனணைஞ்சான் கடைசியாக வந்து, "முதல் தெரு தொண்ணூத்தாறு" என்றார்.

"தொண்ணூத்தாறா?"

"விருந்தாளி வந்திருக்கு."

"தலைவரே, உங்க தெருவுல வீடே..."

"நீ போய் எண்ணிட்டு வாயேன். நேரம் இருக்கா?"

நேரம் இல்லை. பேட்டரியின் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் வழியாக உப்பளம் செம்மண் நிறத்தில் மங்கித் தெரிந்தது.

காதர் மூச்சு வாங்க வந்தார். "நாலாம் தெரு நாப்பத்தெட்டு. நேத்துப் பொறந்த எம் பேரனச் சேத்து."

பாக்கியமேரி அவருக்குப் பின்னாலேயே வந்தாள். "ஆறாம் தெரு நாப்பத்தோரு பேரு டீச்சர். சேவியர் பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா, அவளக் கழிச்சுட்டேன். உங்களச் சேத்துட்டேன்."

"சரியா எண்ணினீங்களாக்கா?"

"பாய் போட்டுப் படுக்க வச்சே எண்ணிட்டு வாறேன். போன வருசம் மாதிரி இருக்கக்கூடாதுன்னு சின்னதுங்கள எல்லாம் குளிக்க வச்சாச்சு. மெசினு மாறிட்டுன்னு சொன்னதும் கை தட்டுதுங்க." அவள் போகத் திரும்பினாள், நின்றாள். "இனிமே பயமில்லலா டீச்சர்?"

"போங்கக்கா. போய்ப் படுங்க."

பாக்கியம் போன பிறகு மற்றவர்களும் கிளம்பினார்கள். சிவனணைஞ்சான் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. காதர் வெளியே தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். குணசுந்தரி லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தெருவாக அடித்தாள். தொண்ணூற்றாறு. எண்பத்தெட்டு. நூற்றிப் பத்து. நாற்பத்தெட்டு. எழுபத்து நாலு. கூட்டிப் பார்த்தால் ஊரில் இருக்கும் ஆளைவிட அதிகம் வரும். எந்தத் தெரு எவ்வளவு கூட்டியது என்று அவளுக்கு நிரூபிக்க முடியாது. கூட்டாதது எந்த இரண்டு தெரு என்பது மட்டும் தெரியும்.

ஆறாவது இடத்தில் குறி மின்னிக்கொண்டே இருந்தது.

போன வருஷம் எழுந்திருக்காத அந்தப் பதினோரு பேரின் பேர்களையும் அவள் மனசுக்குள் சொன்னாள். சூசையம்மா. அவள் புருஷன். முத்துக்கிளியும் அவளுடைய இரட்டைக் குழந்தைகளும். பொட்டல் வீட்டு ஆச்சி. இசக்கி. கண் தெரியாத லூர்து. அந்தோணியின் அப்பா. கல்யாணம் முடிந்து வந்த ஐந்தாம் நாள் அந்தக் கூடத்தில் படுத்த புதுப்பெண், அவள் பேர் தேவி. நிறைமதி. எல்லோரும் அந்தத் தெருவில் தூங்கப் போனவர்கள்தான்.

ஐம்பத்திரண்டு என்று அடித்தாள்.

அப்படி அடித்தால் அடுத்து எது கம்மி என்று திரையிலேயே இருந்தது. அவள் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் தட்டினாள்.

பெட்டி எல்லாவற்றையும் ஒருமுறை ஒப்பிட்டது. சட்டத்தின் அடியில் டக் என்ற சத்தம். ஐஸ் ஃபேக்டரி வாசலிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். விளக்குகளின் வரிசையில் நடுவே ஒரு தெரு மட்டும் இல்லாமல் போனது.

காதர் ஈர முகத்தோடு வாசலில் நின்றார். சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. இருண்ட தெருவைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது, எண் வரும்.

"ஆறாம் தெருவுல அம்பத்திரண்டு பேரா?"

"ஆமா காக்கா."

பாக்கியம் எண்ணைச் சொன்னபோது அவர் பக்கத்தில்தான் நின்றார். அது அவர் காதில் விழவில்லை என்று அவள் தன்னிடமே சொல்லிக்கொள்ளப் பார்த்தாள்.

"இன்னும் மாத்தலாமா இத?"

"மாத்துனா ஆறு விழும்."

காதர் மீட்டரை எடுத்து அதன் பையில் வைத்து ஜிப்பை மூடினார். தோளில் இருந்த துண்டால் முகத்தை இன்னொரு தடவை துடைத்தார்.

"எங்க வீட்டுலயும் மவுத்தாப் போய்ச் சேந்தவங்க இருக்காங்க தங்கச்சி" என்றார். கோபம் இல்லாத குரல். "எங்க உம்மா இருக்கா. தம்பி இருக்கான். சேத்துக்கலாம்னு எனக்குத்தான் தோணல."

"காக்கா..."

"புள்ள பெத்தவ கிடக்கா. விசிறணும். நான் வாறேன்."

படிகளில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. ஓடவில்லை; ஆனால் வயசுக்கு மீறிய வேகம். மேஜையில் கிடந்த வாக்கி கரகரத்தது.

"டீச்சர்! நிக்குது டீச்சர், கரண்ட் நிக்குது!" பாக்கியத்துக்குப் பின்னால் பிள்ளைகளின் கூச்சல். "மத்த எந்தத் தெருவோ போயிட்டாம்லா, நம்மளுக்கு நிக்குது! நீங்க வாங்க, ஏசிக்கு நேரா உங்களுக்குப் பாய் போட்டு வச்சிருக்கோம். டீச்சர், கேக்குதா? வாறீங்களா?"

குணசுந்தரி வாக்கியை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள்.

"வாறேன்கா" என்றாள்.

வாக்கியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.